பங்கு போதும்

விளாத்திகுளம் போகிற பஸ் என்னை ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறக்கிவிட்டபோது உச்சி வெயில். "இந்நேரத்துல ஒத்தையில எங்கம்மா போறீங்க" என்று கண்டக்டர் கேட்டார். துட்டி கேட்க என்றேன். அதில் பாதிதான் உண்மை. ஆனால் சாவு வீட்டுக்குப் போகிறவளிடம் மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்பதில்லை. அவரும் விசில் அடித்துவிட்டார்.

நான் தேடிப் போன வீடு ஊருக்குள் இல்லை, காட்டுக்குள் இருந்தது. எங்கள் பக்கம் காடு என்றால் மரத்தைத் தேடக்கூடாது. பருத்தியும் மிளகாயும் கம்பும் விளைகிற கரிசல் நிலம்தான் காடு. சித்திரை மாதம் என்பதால் அதிலும் ஒன்றும் இல்லை. எடுத்து முடித்த பருத்திமார் வெறும் குச்சியாகக் காய்ந்து நின்றது. தரை பாளம் பாளமாக வெடித்து, செருப்பு விழுந்தால் கை விட்டுத்தான் எடுக்க வேண்டும் என்கிற அளவுக்கு வாயைத் திறந்து கிடந்தது. காற்று இல்லை. ஒரு காக்கை கூட இல்லை. என் செருப்புச் சத்தம் மட்டும் எனக்குப் பின்னால் யாரோ வருவது போலக் கேட்டது.

பாதையோரம் ஒரு கிணறு. கைப்பிடிச் சுவர் உயரம் இல்லை, உட்காரலாம் போல இருந்தது. சுற்றி முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். அது எந்தக் கிணறு என்று எனக்குத் தெரியும். எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அதைத் தாண்டும்போது முதல் மழைக்குப் பிறகு வருமே, அந்த ஈர மண் வாடை மூக்கில் ஏறியது. மாசிக்குப் பிறகு இந்தப் பக்கம் ஒரு தூறல் கிடையாது.

அப்புறம்தான் கட்டிகளைப் பார்த்தேன்.

கரிசல் நனைந்துவிட்டால் காலைக் கவ்விக்கொள்ளும். நாலு அடி நடப்பதற்குள் பாதம் செங்கல் கனம் கனக்கும். உதறி உதறித்தான் நடக்க வேண்டும். அப்படி உதறிய ஈரக் கட்டிகள், கிணற்றடியிலிருந்து அந்த வீட்டு வாசல் வரை, நடைக்கு ஒன்றாகக் கிடந்தன. வெடித்துக் கிடந்த தரையில் அவை மட்டும் மினுமினு என்று இருந்தன. யாரோ தண்ணீர் பாய்ச்சியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கிணற்றில் பம்புசெட்டே இல்லை என்பது வாசலை எட்டிய பிறகுதான் உறைத்தது.

ஓட்டு வீடு. கதவு திறந்தே இருந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காதுக்குத்தான் முதலில் தெரிந்தது. நெடுந்தூரம் ஓடி வந்த நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்குமே, அந்தச் சத்தம்.

"நாயைக் கொஞ்சம் பிடிங்க பெரிம்மா" என்றேன் வாசலில் நின்றபடி.

"எங்க வீட்டுல நாய் கிடையாது தாயி" என்றது உள்ளிருந்து ஒரு குரல். "உள்ள வா."

நான் யார், எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பாண்டிச்செல்வி. கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். அப்பா, அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது தம்பி சுடலைக்குமார் ஒருவன்தான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். அவனுக்கு வரவே வராது. தீப்பெட்டி ஆபீஸில் மிஷின் ஓட்டச் சேர்ந்தான், மிஷின் ஓட்டுகிறவனாகவே இருந்தான். அவன் மேலே போன இடம் ஒன்றே ஒன்றுதான். அது போனுக்குள் இருந்தது.

வேட்டைக்காடு என்று ஒரு ஆன்லைன் விளையாட்டு. முன்பெல்லாம் எங்கள் ஊர்களில் அறுப்பு முடிந்ததும் ஆண்கள் கூட்டமாக முயல் வேட்டைக்குப் போவார்கள். இப்போது முயலைத் தொட்டால் ஃபாரஸ்ட்காரர் பிடித்துப் போய்விடுவார் என்பதால் எல்லாரும் போனில் வேட்டையாடுகிறார்கள் என்று நான் கேலி செய்வேன். சேர்கிறவன் எல்லாம் முதலில் 'தடம் பார்ப்பவன்'. அடுத்த படி 'வில்லாளி'. அதற்கும் மேல் 'வேட்டையன்'. உச்சிப் படி 'தலைவேட்டையன்'. ஒரு குழுவில் ஒருவன்தான் அந்தப் படியில் இருக்க முடியும். அவனுக்கு ஒரு சலுகை உண்டு. விலங்குகளை விட்டுவிட்டுத் தன் குழுவிலேயே ஒருவனுக்குக் குறி போட்டு விரட்டலாம். பிடிபட்டவன் அடிப்படிக்கு இறங்கி மறுபடியும் முதலிலிருந்து ஏற வேண்டும். சோறு தின்னும்போதெல்லாம் தம்பி இதையேதான் பேசுவான். "ஏலே, சம்பளம் ஏறலியாம், படி ஏறுதானாம்" என்று திட்டிக்கொண்டே நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவன் குழுவில் மூன்று பேர். அவன், கோவில்பட்டியிலேயே இருக்கிற முத்துசெல்வம், பிறகு இந்தக் காட்டு வீட்டுப் பூவனலிங்கம். லிங்கத்தின் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துதான் விளையாடுவான். மாசி மாதம் ஒரு மத்தியானம் மூன்று பேரும் வேட்டையில் இருந்தபோது, பேசிக்கொண்டே இருந்த லிங்கம் நின்றுவிட்டான். அதன் பிறகு அவன் பக்கமிருந்து மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டதாம். நெட்வொர்க் கோளாறு என்று இவர்கள் நினைத்தார்கள். வேட்டையை முடித்தார்கள். பாதியில் போனவன் படி இறங்கிவிடக்கூடாது என்று 'பங்கு விடு' என்கிற பொத்தானை அழுத்தி அவனுக்கும் பங்கு விட்டார்கள். லிங்கம் வில்லாளி ஆனான்.

அவன் வில்லாளி ஆன நேரத்தில் அவன் கிணற்றுத் தண்ணீருக்குள் இருந்தான். போன் மட்டும் சுவர்மேல் பத்திரமாக இருந்தது.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேட்டைக்குக் கிளம்பினவன் எல்லாருக்கும் பங்கு உண்டு. முள் குத்தி வழியில் உட்கார்ந்துவிட்டவனுக்கும் உண்டு. போன இடத்தில் ஒருவன் செத்துப்போனால் அவன் வீட்டுக்கும் பங்கு போகும். அந்த வீட்டுப் பொம்பளை வாசலுக்கு வந்து, தானியம் புடைக்கிற சுளகைக் கவிழ்த்து வைத்து, 'பங்கு போதும்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவன் வேட்டையிலிருந்து வீடு திரும்பியதாக அர்த்தம். அதுவரைக்கும் அவன் இன்னும் காட்டில்தான் இருக்கிறான்.

லிங்கத்துக்கு யாரும் சுளகு கவிழ்க்கவில்லை. போனில் ஆடுகிற ஆட்டத்துக்குப் போய் யார் சுளகைத் தேடுவார்கள்? இவர்கள் இரண்டு பேரும் பாசத்தில் ஒவ்வொரு வேட்டையிலும் அவனுக்குப் பங்கு விட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கும் அது நல்ல காரியமாகத்தான் பட்டது.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் தம்பி தட்டில் கையை வைத்தபடி சாப்பிடாமல் இருந்தான்.

"எக்கா, லிங்கம் வேட்டையன் ஆயிட்டான்."

"நீங்க பங்கு விட்டா ஏறத்தானே செய்வான்."

"நாங்க விடலக்கா. விளையாடியே ரொம்ப நாளாச்சு. அவன் தனியா வேட்டைக்குப் போறான்."

லிங்கத்தைக் குழுவிலிருந்து எடுக்கப் பார்த்தார்கள். 'இந்த உறுப்பினர் இப்போது வேட்டையில் இருக்கிறார். நீக்க இயலாது' என்று வந்தது. எப்போது பார்த்தாலும் அதுதான் வந்தது. குழுவைவிட்டு இவர்கள் விலகலாம் என்றால் அதற்கும் வேட்டை முடிய வேண்டுமாம். தம்பி அந்த ஆட்டத்தையே போனிலிருந்து அழித்தான். மறுநாள் மத்தியானம் போன் மூச்சு வாங்கியது. நான்தான் அதை அணைத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். அதற்கும் மறுநாள், வெயில் உச்சிக்கு வந்தபோது, அரிசிக்குள்ளிருந்து மூச்சு வாங்கியது. அதை நானே என் காதால் கேட்டேன். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

வேட்டையனுக்கு மேலே ஒரு படிதான் மிச்சம். அதில் ஏறிவிட்டால் அவன் குறி போடலாம். குழுவில் இருப்பது என் தம்பியும் முத்துசெல்வமும்தான். லிங்கத்தின் போன் அவன் அம்மாவிடம் இருந்தது. அந்தப் போனிலிருந்து அவனை வெளியே எடுக்க வேண்டும், அந்த அம்மா வாயால் பங்கு போதும் என்று சொல்ல வைக்க வேண்டும். என் தம்பியை உயிரோடு வைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதனால்தான் வந்தேன்.

லிங்கத்தின் அம்மா வெயிலுகந்தம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். பாசி வாடை அடித்தது.

"எந்தத் தண்ணி பெரிம்மா?"

"நம்ம கிணத்துத் தண்ணிதான். முள்ளைப் போட்டு அடைச்சிட்டுப் போயிட்டாவ. நான் விலக்கிவிட்டு எடுத்துக்கிடுதேன். எம்மவன் கிடந்த தண்ணியை எப்பிடித் தாயி தள்ளி வைக்க?"

விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. என் கண் அவர் காலுக்குப் போனது. பித்த வெடிப்போடு வெள்ளை வெளேர் என்று காய்ந்து இருந்தன பாதங்கள். ஒரு துளி மண் ஒட்டியிருக்கவில்லை.

கண் இருட்டுக்குப் பழகியிருந்தது. சுவரில் லிங்கத்தின் படம், சின்ன விளக்கு, வாடிய மாலை. படத்துக்குக் கீழே பலகையில் அந்தப் போன். சார்ஜர் வயர் மாலைக்குள்ளே புகுந்து சுவருக்குப் போனது. திரை எரிந்துகொண்டிருந்தது. அதில் ஒரு காடு, நிஜமான காடு, மரங்களோடு. மரங்களுக்கு நடுவில் யாரோ ஓடுவது போல இலைகள் விலகிக்கொண்டே இருந்தன. மூச்சுச் சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

"படிச்சான், வேலை கிடைக்கல. போலீசுக்கு எழுதுனான், உயரம் பத்தலன்னுட்டாவ" என்று அந்த அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எதுலயும் ஒரு படி ஏறல எம்மவன். இப்ப பாரு. வேட்டையன். எனக்கு முன்னால ரெண்டெழுத்துக் கூட்டிப் படிக்க வராது. இதுக்காவவே படிச்சிக்கிட்டேன்."

பெற்றவள் முகத்தில் அத்தனை பெருமையைப் பார்த்தேன். ஆனாலும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி டிரம்மைச் சொன்னேன்.

"எம்மவன் உன் தம்பிய என்ன செஞ்சிரப் போறான்? ஒண்ணா விளையாடுன சேக்காளில்லா."

"செத்தவனுக்குச் சேக்காளி என்ன பெரிம்மா, உசுரோட இருக்கிறவன் பயந்து சாவுதான்."

"ஒத்தையில கிடக்கானே, ஒரு துணை வேணும்னு நினைக்கானோ என்னமோ."

அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். குழந்தை பசிக்கு அழுகிறது என்று சொல்வது போலச் சொன்னார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து போய்ப் போனைப் பிடுங்கினேன். கையில் எடுத்ததும் திரை பூட்டிக்கொண்டது. ஒன்பது புள்ளிகள். அது குளிர்ந்து கிடந்தது. அந்த வெயிலில், சார்ஜரில் கிடந்த போன், ஆழக் கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சியில் இருந்தது.

"கோடு போடுத பூட்டு எனக்குத்தான் தெரியும்" என்றார் அவர், கோபமே இல்லாமல். "கொடு தாயி."

கொடுத்தேன். கொடுத்துவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். நான் யார் காலிலும் விழுந்தவள் இல்லை. "எனக்கு வேற யாருமில்ல பெரிம்மா. அவன உட்டுருங்க. ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் குனிந்து என் தலையில் கை வைத்தார். "நீயும் ஒத்த உசுரத்தான வச்சிருக்க" என்றார். போனைப் பலகையில் வைத்தார். சுவரில் சொருகியிருந்த சுளகை உருவிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெளியே வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்த காட்டைப் பார்த்து நின்றார். சுளகை இரண்டு கையாலும் தூக்கினார்.

"பங்கு..." என்றார்.

மூச்சுச் சத்தம் நின்றது.

வெளியே பருத்திமார் அசையவில்லை.

வீட்டுக்குள், படத்துக்கு அடியில், கொம்பு ஊதியது.

கோயில் கொடைத் திருவிழாவில் ஊதுவார்களே, அந்த மாதிரி நீளமாக. பிறகு திரையிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. அது தண்ணீருக்குள்ளிருந்து பேசின மாதிரி கொழகொழவென்று இருந்தது.

"அம்மா."

சுளகு அவர் கையிலிருந்து நழுவி நிமிர்ந்தபடி விழுந்தது. அவர் ஓடினார். போனை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "த... லை... தலை... தாயி, தலைவேட்டையன். ஏறிட்டான் தாயி. உச்சிக்கு ஏறிட்டான்." கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்தது.

அவர் தோளுக்கு மேலே எட்டித் திரையைப் பார்த்தேன். மூன்று பெயர்கள் இருந்தன. நடுப் பெயர் சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது.

சுடலைக்குமார்.

"இப்பச் சொல்லுங்க. ஏறிட்டான்லா, போதும்னு சொல்லுங்க" என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். போனை விடவில்லை.

"எப்பிடித் தாயி சொல்லச் சொல்லுத? ஒரு தடவ அவனத் தூக்கிக் குழியில வச்சாச்சு. இப்ப மறுபடியும் நானே என் வாயால போன்னு சொல்லணுமா? நீயின்னா சொல்லுவியா?"

"சொல்லுவேன்" என்றேன். யோசிக்காமல், பட்டென்று. "இன்னொரு உசுரு போகுதுன்னு தெரிஞ்சா நான் சொல்லுவேன்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

விலக்குக்கு ஓடினேன். கிணற்றடியைத் தாண்டும்போது பார்த்தேன், வரும்போது வீட்டைப் பார்த்துப் போன ஈரக் கட்டிகள் இப்போது அங்கிருந்து ரோட்டைப் பார்த்துப் போயிருந்தன. ரோட்டில் ஏறி, கோவில்பட்டிப் பக்கமாகத் திரும்பி, தாரில் காய்ந்து போய்க்கொண்டிருந்தன.

பஸ் கிடைத்தது. கிளம்பும்போது டிரம்மிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்த போனில் தம்பியைக் கூப்பிட்டேன். மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன் என்றான். முத்துசெல்வத்தை வரச் சொல் என்றேன். வருகிறானாம். எட்டயபுரம் தாண்டியபோது மறுபடி கூப்பிட்டேன். உடனே எடுத்தான். குசுகுசுவென்று பேசினான்.

"எக்கா, லிங்கம் நிக்கான்."

"எங்கன நிக்கான்?"

"ஈரக் காலோட நிக்கான்க்கா. சேறு சொட்டுது."

"கதவத் திறக்காதலே. நான் வந்துட்டு இருக்கேன். என்ன சத்தம் கேட்டாலும் கதவத் திறக்காத."

"கதவு பூட்டித்தான் இருக்கு."

அவன் குரல் இன்னும் இறங்கியது.

"உள்ளதான் நிக்கான்."

போனில் மூச்சு வாங்கியது. முதலில் ஒரு மூச்சு. பிறகு இரண்டு. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, விரட்டுகிறதும் ஓடுகிறதும். நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கடைசியாகத் தண்ணீரில் கனமாக ஒன்று விழுகிற சத்தம் கேட்டது.

எங்கள் தெருவில் கிணறு கிடையாது.

நான் போய்ச் சேர்ந்தபோது முத்துசெல்வம் கதவை இடித்துக்கொண்டிருந்தான். தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டபடிதான் இருந்தது. பெயர்த்துக்கொண்டு உள்ளே போனோம். தம்பி கட்டிலில் மல்லாந்து கிடந்தான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சட்டை காய்ந்து இருந்தது. தலைமுடி காய்ந்து இருந்தது. நான் தூக்கி உட்கார வைத்தபோது அவன் வாயிலிருந்து தண்ணீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. பாசி வாடை அடித்தது. அவனுடைய இரண்டு பாதங்களிலும் ஈரக் கரிசல், காட்டில் வெகுதூரம் ஓடினவன் காலில் அப்புவது போல, கணுக்கால் வரை அப்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று எழுதினார்கள். எங்கிருந்து வந்த நீர் என்று நான் கேட்டேன். டாக்டர் பாவம், சின்ன வயசு, என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு அவன் போனை எடுத்து அணைக்கப் போனேன். அவன் பிணத்தைத் தூக்கும்போதே மனசில் எடுத்த முடிவு அது. சுளகையும் எடுத்து வாசலில் வைத்திருந்தேன். அழித்த ஆட்டம் திரையில் திறந்து இருந்தது. காடு, அதில் விலகுகிற இலைகள், அவன் பெயர். அதற்குக் கீழே 'தடம் பார்ப்பவன்'. பிடிபட்டவன் அடிப்படிக்கு இறங்கி முதலிலிருந்து ஏற வேண்டும் என்று தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே அவன் சொன்னது ஞாபகம் வந்தது.

மூச்சு வாங்குவது கேட்டது. சின்ன வயதில் அவனுக்கு இழுப்பு உண்டு. ஓடினால் மூச்சின் கடைசியில் ஒரு சின்ன விசில் வரும். அந்த விசில் கேட்டது.

சார்ஜரை எடுத்துக்கொண்டு வந்து சொருகினேன்.

முத்துசெல்வத்தின் மனைவி ஜெயப்பிரியா நேற்று மத்தியானம் வந்தாள். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. வாசலில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு உள்ளே இருட்டைப் பார்த்தாள்.

"எக்கா, நாய் வளக்கீங்களா?"

"இல்லையே. உள்ள வா."

அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள், செம்பைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு அழுதாள். முத்துசெல்வத்தின் பெயர் காலையில் சிவப்பாகிவிட்டதாம். அவன் போனைக் கண்மாயில் போட்டுவிட்டு வந்தானாம், வந்து பார்த்தால் தலையணைக்கு அடியில் இருந்ததாம். பூவனலிங்கத்தின் அம்மாவிடம் போனார்களாம், அவிய கதவைத் திறக்கவில்லையாம். "நீங்க உங்க தம்பிய வெளிய எடுத்து ஒரு வார்த்த சொல்லிட்டியன்னா, வேட்டையில ரெண்டு பேரு இல்லாம ஒரு ஆளாயிரும்லாக்கா. அதுல இவியளாச்சும் தப்பிக்க மாட்டாவளா?" என்றாள். அது நடக்குமா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அவள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

நான் சுளகை எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். வாசல் வரைக்கும் போனேன்.

உள்ளே விசில் நின்றது.

"எக்கா" என்றான்.

சோறு வை என்று கேட்கிற அதே குரல். தண்ணீருக்குள்ளிருந்து வந்தாலும் அவன் குரல்தான். அவன் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. என் கை கீழே இறங்கியது. திரும்பி அவளிடம் நான் சொன்னதை நானே வேறு யாரோ சொல்வது போலக் கேட்டேன்.

"எப்பிடிச் சொல்லச் சொல்லுத? நீயின்னா சொல்லுவியா?"

"சொல்லுவேன்க்கா" என்றாள் ஜெயப்பிரியா. யோசிக்காமல், பட்டென்று.

எனக்கு அவளைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். நான் சுளகை அதன் இடத்தில் சொருகிவிட்டு உள்ளே திரும்பினேன். சிமெண்டுத் தரையில், சார்ஜர் இருக்கிற மூலையிலிருந்து வாசல் வரை, ஈரக் கரிசல் கட்டிகள் கிடந்தன. ஒரு கட்டியில் விரல் தடம் பதிந்திருந்தது. சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்த இடது கால். அந்தக் காலுக்கு எத்தனையோ முறை நான் முள் எடுத்திருக்கிறேன். அதைக் கூட்டிப் பெருக்க எனக்கு மனம் வரவில்லை.

கொம்பு ஊதியது. போய்த் திரையைப் பார்த்தேன். தம்பி பெயருக்குக் கீழே எழுத்து மாறியிருந்தது.

வில்லாளி.

"நல்லா ஏறுலே" என்றேன்.

மூச்சு என் காதருகே ஒரு கணம் நின்றது. பிறகு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, ஜெயப்பிரியா போன பக்கமாக, கடைசியில் ஒரு சின்ன விசிலோடு ஓட ஆரம்பித்தது.